எல்லாம் 100.0 என்று காட்டிய நிரல்: செங்கோட்டையில் ரிப்பீட்டர் டோன்களைப் பிரித்தெடுத்த அனுபவம்

செங்கோட்டையில் 2 மீட்டர் அமெச்சூர் வானொலி அலைவரிசையைக் கேட்பவர்களுக்கு ஒரு சிக்கல் நன்றாகவே பழக்கம். புளியரை வளைவுகளைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று கேரளம் தொடங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றைப் போலவே அந்தப் பக்கத்துச் சிக்னலும் கணவாய் வழியாக நம் வீட்டு மாடிக்கு வந்துவிடுகிறது. ஒரே வெளியீட்டு அதிர்வெண்ணில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரிப்பீட்டரும் (மெலிந்த சிக்னலை வாங்கி வலுவாக மீண்டும் அனுப்பும் நிலையம்) இந்தப் பக்கம் ஒன்றும் இயங்கும்போது, காதில் விழுவது எதன் வழியாக வந்தது என்று பேச்சை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்; இங்கே தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும்.

பேச்சு சொல்லாததை டோன் சொல்லும். பேச்சுக்கு அடியில், பெரும்பாலான ரிசீவர்கள் ஒலிபெருக்கிக்கு விடாத தாழ்ந்த அதிர்வெண்ணில் ரிப்பீட்டர் தொடர்ந்து அனுப்பும் ஒற்றை ஒலிதான் சி.டி.சி.எஸ்.எஸ். டோன். 67.0 ஹெர்ட்ஸில் தொடங்கி 254.1 ஹெர்ட்ஸ் வரை 50 டோன்கள் கொண்ட பட்டியல் இன்றைய கைக்கருவிகள் பலவற்றில் உண்டு. நான் கேட்கும் இரண்டு ரிப்பீட்டர்களில் இந்தப் பக்கத்தது 88.5, அந்தப் பக்கத்தது 91.5. நாள் முழுவதும் பதிவு செய்து, எந்த நேரத்தில் எந்த ரிப்பீட்டர் இங்கே தெளிவாகக் கேட்கிறது என்று ஒரு அட்டவணை தயாரிக்க விரும்பினேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் தொலைபேசிகள் ஓய்ந்த இடங்களில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் செய்திகளைக் கடத்தினார்கள். அப்படி ஒரு நேரத்தில் எந்த ரிப்பீட்டரை நம்பலாம் என்பது எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பதிவு செய்ய இரண்டு வழிகளை வைத்திருந்தேன். ஒன்று, பழைய எஃப்.எம். டிரான்சீவரின் (அனுப்பவும் பெறவும் உதவும் கருவி) பின்புறம் உள்ள 6 முள் டேட்டா சாக்கெட். அதில் 9600 பாட் வேகத்துக்கான வெளியீடு வடிகட்டப்படாமல், எஃப்.எம். சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து நேராக வருகிறது. ஸ்பீக்கர் வெளியீட்டிலோ இயர்போன் சாக்கெட்டிலோ பதிவு செய்தால் பயன் இல்லை, ஏனெனில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ரிசீவரே வெட்டிவிடும். டோன் இல்லாத பதிவில் டோனைத் தேடுவது வீண் வேலை. இரண்டாவது வழி, கணினியில் நேராகச் செருகும் சிறு ரிசீவரான ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள். இதில் சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் வேலை (டிமாடுலேஷன்) முழுவதும் மென்பொருளிலேயே நடப்பதால், ரிசீவருக்கும் கணினிக்கும் இடையே ஆடியோ கேபிளே கிடையாது. இந்த வேறுபாடு பின்னால் மிகவும் உதவியது.

டோனைக் கண்டறிய இலவசமாகக் கிடைத்த ஒரு பைத்தான் நிரலை எடுத்துக்கொண்டேன். கோப்பைக் கொடுத்தால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தைக் கணக்கிட்டு, உயரமான முனையைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் அதற்கு அருகில் உள்ள டோனின் பெயரை எழுதித் தரும். கொடுத்த கோப்புகளுக்கெல்லாம் அது திரும்பத் திரும்ப எழுதித் தந்த விடை 100.0 ஹெர்ட்ஸ். எந்த ரிப்பீட்டரிலும் இல்லாத டோன் அது. இந்த ஒரு விடைக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்றைச் சரிசெய்த பிறகும் திரையில் அதே 100.0 நின்றதற்கு அதுவே காரணம்.

வானிலிருந்து வந்த பதிவுகளை ஒதுக்கிவிட்டு, முதலில் செயற்கையாகவே ஒரு சோதனைக் கோப்பைத் தயாரித்தேன். 50 டோன்களையும் ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் சில வினாடிகள், இரைச்சல் ஏதுமின்றிக் கணினியிலேயே உருவாக்கி நிரலுக்குக் கொடுத்தேன். 100.0 முதல் 254.1 வரை ஒவ்வொரு விடையும் சரி. 67.0 முதல் 97.4 வரையிலான 12 டோன்களுக்கும் விடை 100.0. இவ்வளவு சுத்தமான எல்லைக்கோடு சிக்னலில் வராது. அது கணக்கில்தான் வரும். நிரலில் டோன் பட்டியல் எண்களாக இல்லாமல் எழுத்துச் சரங்களாக வைக்கப்பட்டு, அகரவரிசை போல அடுக்கப்பட்டிருந்தது. எழுத்தாகப் பார்த்தால் 1 என்று தொடங்கும் 100.0 முதலில் வரும், 254.1-க்குப் பிறகுதான் 67.0 வரும். அந்த வரிசையை எண்களாக மாற்றி, ஏறுவரிசை என்று நம்பிப் பாதிப்பாதியாகப் பிரித்துத் தேடினால், நடுவில் எடுக்கும் எண் எப்போதும் 100-க்கு மேல் இருக்கும், 91.5-ஐத் தேடும் தேடல் இடதுபுறமாகவே நகர்ந்து, முதல் இடத்தில் உள்ள 100.0-இல் போய் முட்டி நிற்கும். அருகில் உள்ள டோன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற சரிபார்ப்பும் நிரலில் இல்லாததால், 67.0-க்கும் 100.0-க்கும் இடையே உள்ள 33 ஹெர்ட்ஸ் இடைவெளி அதற்குப் பொருட்டாகவே படவில்லை.

பட்டியலைப் பத்தால் பெருக்கி 670, 693, 719 என்று முழு எண்களாக வைத்தேன். புள்ளிக்குப் பின் உள்ள எண்களைச் சமமா என்று ஒப்பிடும் தொல்லையும் அத்தோடு தீர்ந்தது. அருகில் உள்ள டோனிலிருந்து 0.5 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகியிருந்தால் பெயர் சூட்டாமல் ‘அறியப்படாதது’ என்று எழுத வேண்டும் என்ற விதியையும் சேர்த்தேன். சோதனைக் கோப்பில் 50-க்கு 50 சரியாக வந்தது.

அடுத்து டிரான்சீவர் வழியாகப் பதிவான கோப்பைக் கொடுத்தேன். மீண்டும் 100.0. ஆனால் இம்முறை எண் பொய்யல்ல, அங்கே உண்மையிலேயே ஒரு முனை இருந்தது. ஸ்பெக்ட்ரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, 50-இல் ஒரு கோடு, 100-இல் அதைவிட உயரமான கோடு, 150-இலும் 200-இலும் சிறியவை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை முழு அலையாக நேராக்கும் பவர் சப்ளையில் மிஞ்சும் சிற்றலை 100 ஹெர்ட்ஸ். டோன் பட்டியலிலும் சரியாக 100.0 என்று ஒன்று இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் யாருக்கும் 100.0 டோனில் இந்தச் சந்தேகம் எழாது. இங்கே இது ஒவ்வொரு பதிவிலும் எழும்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் அருகில் இருந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, கம்ப்யூட்டரு கிடக்கட்டும், அந்தச் சார்ஜரை முதல்ல உருவிட்டுப் பாரும்” என்றார். மடிக்கணினியின் சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுத்ததும் 100 ஹெர்ட்ஸ் கோடு ஒரேயடியாகத் தாழ்ந்தது. டிரான்சீவரின் பவர் சப்ளை, ஆடியோ கேபிளின் உறை, மடிக்கணினி, அதன் சார்ஜர் ஆகியவை எர்த் வழியாக ஒரு வளையமாக இணைந்திருந்தன. அந்த வளையத்தில் ஓடிய சிறு மின்னோட்டமே ஹம்மிங்காக, அதாவது மின்சாரத்தின் ரீங்காரமாகப் பதிவானது. ஆடியோ பாதையில், ஒலியை மட்டும் கடத்தி எர்த் இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் செருகியதும் சார்ஜரை மாட்டிய நிலையிலும் கோடு எழவில்லை. மலிவான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்கள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே டோனையும் சேர்த்துக் குறைத்துவிடுகின்றன என்பதால், செயற்கை டோனை அதன் வழியே செலுத்தி எவ்வளவு குறைகிறது என்று அளந்த பிறகே அதை நிரந்தரமாக வைத்தேன்.

அதன் பிறகும் மெல்லிய 100 ஹெர்ட்ஸ் கோடு ஒன்று மிஞ்சியது. அந்தப் பக்கத்து ரிப்பீட்டர் ஒலிபரப்பும்போது மட்டும் அது தோன்றியது. டாங்கிளில் எடுத்த பதிவிலும் அது இருந்தது. டிரான்சீவரை 12 வோல்ட் பேட்டரியிலும் கணினியை அதன் சொந்த பேட்டரியிலும் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் போகவில்லை. ஆகவே அந்த ஹம்மிங் ரிப்பீட்டரின் பக்கத்திலிருந்து, சிக்னலோடு சேர்ந்தே வருகிறது. அதிர்வெண்ணை மட்டும் அளந்து, இது கேரளத்து மின்சாரம், இது தமிழ்நாட்டு மின்சாரம் என்று பிரிக்கவும் வழியில்லை. இரண்டு மாநிலங்களும் ஒரே தென்மண்டல மின்தொகுப்பில் இருப்பவை; 2013 டிசம்பர் 31 அன்று அதுவும் நாட்டின் மற்றத் தொகுப்போடு ஒத்திசைவாக இணைக்கப்பட்டுவிட்டது. புனலூரிலும் செங்கோட்டையிலும் எந்த நொடியிலும் அதிர்வெண் ஒன்றே.

ஆனால் இதே உண்மைதான் ஹம்மிங்கையும் உண்மையான டோனையும் பிரிக்கும் கருவியைக் கொடுத்தது. மின்தொகுப்பின் அதிர்வெண் ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்திய மின்தொகுப்பு விதிகள் அனுமதிக்கும் வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ், அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸ் கோடு 99.8-க்கும் 100.1-க்கும் இடையே நாள் முழுவதும் அலைந்துகொண்டிருக்கும். டோன் உருவாகும் சுற்று படிகத்தால் கட்டுப்படுத்தப்படுவதால் அது அசையாது. ஒரு வினாடிப் பதிவை எடுத்து, உச்சியில் உள்ள புள்ளியோடு அதன் இருபுறத்துப் புள்ளிகளையும் சேர்த்து ஒரு பரவளைவைப் பொருத்தினால், நல்ல சிக்னலில் அதிர்வெண் ஹெர்ட்ஸில் நூறில் சில பங்கு அளவுக்குத் துல்லியமாகக் கிடைக்கிறது. அந்த அளவீட்டை நேரத்துக்கு எதிராக வரைந்தபோது, 91.5-இன் கோடு வரைகோல் வைத்து இழுத்தது போல நேராக இருந்தது. 100-இன் கோடு மெல்ல ஏறி, தொழிற்சாலைகளின் சுமை கூடும் நேரத்தில் இறங்கி, மீண்டும் ஏறியது.

எனவே நிரலில் ஒரு விதி எழுதினேன். 50 ஹெர்ட்ஸ் அருகே உள்ள கோட்டை ஒவ்வொரு வினாடியும் அளந்து, அதை இரட்டிப்பாக்கி, 100 அருகே உள்ள கோட்டோடு ஒப்பிடும். 50-இன் கோடு 49.93-இல் இருக்கும்போது மற்றது 99.86-இல் இருந்தால் அது ஹம்மிங். 50-இன் கோடு 49.93-இல் இருக்கும்போது மற்றது 100.00-இல் நின்றால் அது டோன். தொகுப்பு சரியாக 50.00-இல் நிற்கும் நிமிடங்களில் முடிவு சொல்ல இயலாது. அந்த நிமிடங்களுக்கு ‘ஐயம்’ என்று குறித்துவிட்டு, கோடு நகரும் வரை நிரல் காத்திருக்கும். 50, 100 இரண்டிலும், குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் நாட்ச் ஃபில்டர் போட்டு அறுத்துவிடலாமே என்று பலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை, நாளை 100.0 டோனோடு ஒரு ரிப்பீட்டர் வந்தால், ஃபில்டர் அதையும் சேர்த்து அறுத்துவிடும்.

மூன்றாவது காரணம் பழைய பதிவுகளில் இருந்தது. இவற்றில் சிலவற்றில் 100.0 என்ற விடை வந்தது. ஆனால் கோடு 99.6-இல் அசையாமல் நின்றது. வேறு சிலவற்றில் 96.3-இல் ஒரு கோடு, பட்டியலில் அருகில் உள்ள 97.4-லிருந்து ஒரு ஹெர்ட்ஸுக்கு மேல் விலகி, ‘அறியப்படாதது’ என்று வந்தது. இங்கே மின்சாரமே அளவுகோலாக உதவியது. அதே கோப்பில் 50 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, 54.4-இல் கோடு இருந்தது. மின்தொகுப்பு ஒருநாளும் 54.4-இல் ஓடாது. 54.4-ஐ 50-ஆல் வகுத்தால் 1.088; 48,000-ஐ 44,100-ஆல் வகுத்தாலும் 1.088. அந்தப் பதிவுகள் தலைப்புப் பகுதி இல்லாத வெறும் ஆடியோ கோப்புகளாக, வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீடு) வீதத்தில் எடுக்கப்பட்டிருந்தன; நிரலோ எல்லாவற்றையும் 48,000 என்றே எடுத்துக்கொள்கிறது. 91.5-ஐ 1.088-ஆல் பெருக்கினால் 99.6, 88.5-ஐப் பெருக்கினால் 96.3. வீதத்தைத் திருத்தியதும் இரண்டும் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன. இப்போது ஒவ்வொரு கோப்பையும் திறந்தவுடன் மின்சாரக் கோடு 49.8-க்கும் 50.2-க்கும் இடையே இருக்கிறதா என்று நிரல் பார்த்துவிட்டே மேலே செல்கிறது. ஹம்மிங் அறவே இல்லாத டாங்கிள் பதிவில் இந்தச் சோதனைக்கு வழியில்லை. அவற்றை வீதம் எழுதப்பட்ட டபிள்யூ.ஏ.வி. கோப்பாகவே சேமிக்கிறேன்.

100.0 சிக்கல் தீர்ந்தது. பட்டியலில் இன்னும் குப்பை மிகுந்திருந்தது. யாரும் ஒலிபரப்பாத நேரத்தில் எஃப்.எம். ரிசீவர் வெறும் இரைச்சலை உரக்கத் தரும். நிரலின் நிலையான வரம்பு அந்த இரைச்சலில் எழும் முனைகளை எல்லாம் டோன் என்று எழுதியது. நிலையான வரம்பை நீக்கி, 67 முதல் 255 ஹெர்ட்ஸ் வரை உள்ள புள்ளிகளின் ஆற்றலில் இடைநிலை மதிப்பை எடுத்து, அதைப் போல எத்தனை மடங்கு உயரம் என்று பார்க்கும்படி மாற்றினேன். எத்தனை மடங்கு வேண்டும் என்பதைக் கணக்கே சொல்கிறது. தூய இரைச்சலில் ஒரு புள்ளியின் ஆற்றல் இடைநிலை மதிப்பைப் போல 10 மடங்கைத் தாண்டும் வாய்ப்பு 2-இன் பத்தாம் அடுக்கில் ஒரு பங்கு, அதாவது 1024-இல் ஒன்று. கேட்பதற்கு அரிதாகத் தோன்றும்; ஆனால் ஒரு ஸ்பெக்ட்ரத்தில் ஏறத்தாழ 190 புள்ளிகள் இருப்பதால், ஐந்தாறு ஸ்பெக்ட்ரத்துக்கு ஒன்று வீதம் பொய் டோன் வந்துகொண்டே இருக்கும். 20 மடங்கு, அதாவது 13 டெசிபல் என்று வைத்தால் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் குறைந்துவிடுகிறது. அதையே வைத்தேன்.

எவ்வளவு நீளத் துண்டாக எடுத்து ஆராய்வது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. ஒற்றை டோனின் அதிர்வெண்ணை அளப்பது ஒரு வேலை, அருகருகே உள்ள இரண்டு டோன்களைப் பிரித்துக் காண்பது வேறு வேலை. முன்னதற்குக் கால் வினாடித் துண்டும் போதும். 88.5-ஐயும் 91.5-ஐயும் இரண்டு முனைகளாகக் காண வேண்டுமானால், 3 ஹெர்ட்ஸ் இடைவெளிக்கு மூன்றில் ஒரு வினாடி என்பது அடிப்படைத் தேவை. ஓரங்களை மழுக்கும் ஹான் சாளரத்தைப் பயன்படுத்தினால் முனை இரு மடங்கு அகலமாவதால் முக்கால் வினாடியாவது வேண்டும். நான் ஒரு வினாடித் துண்டை எடுத்து, கால் வினாடிக்கு ஒருமுறை நகர்த்துகிறேன்.

ஆனால் எஃப்.எம்.மில் வலுத்த சிக்னல் மெலிந்ததை அமுக்கிவிடும். ஆகவே இரண்டு டோன்களும் உண்மையில் ஒரே நேரத்தில் இருப்பது அரிது. மழைமேகம் கணவாயில் இறங்கும் மாலைகளில் இரண்டு சிக்னலும் ஏறியிறங்கி, ஒன்று மாற்றி ஒன்று ரிசீவரைப் பிடிக்கும். ஒரு வினாடித் துண்டில் பாதி இதுவும் பாதி அதுவும் அகப்பட்டால், ஸ்பெக்ட்ரம் இரண்டும் சேர்ந்து இருந்தது போலக் காட்டும். இரண்டு முனைகள் தென்படும் துண்டுகளில் மட்டும், குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணை மட்டும் அளக்கும் கோயர்ட்செல் முறைப்படி அந்த இரண்டு அதிர்வெண்களின் வலிமையைக் கால் வினாடித் துண்டுகளில் தனியாக அளந்து, கைமாறிய நொடி எது என்று நிரல் கண்டுபிடிக்கும்படி செய்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் குறுகிய துண்டே போதும் என்பதால் இது சாத்தியமாகிறது.

வரிசைப்படுத்துவதை இவ்வளவுக்கும் பிறகே செய்ய வேண்டும். பழைய நிரல் ஒவ்வொரு துண்டிலும் முனைகளை உயரத்தின்படி அடுக்கி, முதல் வரியை மட்டும் விடையாக எழுதியது. பேசுபவரின் குரல் தடித்த ஆண் குரலாக இருந்தால், அதன் அடிப்படை அதிர்வெண் 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் விழுந்து, சரியாக வடிகட்டாத கைக்கருவிகளில் டோனைவிட உயர்ந்து நிற்கும். அடுத்த துண்டில் டோன் முதலிடத்துக்கு வரும். விடை மாறி மாறித் தாவும். உயரம் ஒரு நொடியின் செய்தி மட்டுமே. நான் முனைகளை முதலில் அதிர்வெண்ணின்படி துண்டுக்குத் துண்டு இணைத்துச் சங்கிலிகளாக்குகிறேன். அரை ஹெர்ட்ஸுக்குள் தொடர்ந்தால் அதே சங்கிலி. பிறகு ஒவ்வொரு சங்கிலியும் எவ்வளவு நேரம் நீடித்தது, அதிர்வெண் எவ்வளவு அசைந்தது என்று பார்க்கிறேன். குரல் வழுக்கும், ஹம்மிங் அலையும், டோன் நிற்கும். நின்ற சங்கிலிக்கு மட்டும் ரிப்பீட்டரின் பெயர் சூட்டி, பெயரின்படியும் அதற்குள் தொடங்கிய நேரத்தின்படியும் அடுக்குகிறேன். பெயர் கிடைக்காதவற்றை நீக்குவதில்லை. தனிப் பட்டியலில் அளந்த அதிர்வெண்ணோடு இருக்கின்றன.

அந்தத் தனிப் பட்டியலில் 134.4 அருகே, ஐந்தில் ஒரு வினாடிக்கும் குறைவாக நீடிக்கும் ஒரு முனை அவ்வப்போது வரும். அது சி.டி.சி.எஸ்.எஸ். டோனே அல்ல, டி.சி.எஸ். என்ற எண்குறி முறையைப் பயன்படுத்தும் கருவிகள் பேச்சை முடிக்கும்போது அனுப்பும் அணைப்புக் குறி. இதே போல, சில கருவிகள் ஒலிபரப்பின் கடைசியில் டோனின் கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்க நிலை) தலைகீழாகத் திருப்பிவிடும். அந்த நொடி துண்டின் நடுவில் விழுந்தால் 88.5-இன் முனை இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஒதுங்கும். ஒலிபரப்பு முடியும் இடத்தை ஒட்டிய கடைசித் துண்டுகளை அதிர்வெண் கணக்கில் சேர்க்காமல் விட்டதும் அந்தப் பிளவு பட்டியலிலிருந்து மறைந்தது.

தீராமல் இருப்பவை 199.5, 250.3 ஆகிய இரண்டு டோன்கள். மின்சாரத்தின் நான்காம் மடங்கு 199.6 வரையிலும் இறங்கும், ஐந்தாம் மடங்கு 250.25 வரையிலும் ஏறும். டோனுக்கும் ஹம்மிங்குக்கும் இடைவெளி ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கும் அதற்குக் குறைவும் ஆகிவிடும் நேரங்களில் ஒரு வினாடித் துண்டு அவற்றைப் பிரிக்காது. 20 வினாடித் துண்டு பிரிக்கும், ஆனால் எல்லா ஒலிபரப்பும் அவ்வளவு நேரம் இடைவிடாமல் நீள்வதில்லை. இந்தப் பகுதியில் நான் கேட்கும் ரிப்பீட்டர்களில் அந்த டோன்கள் இல்லை என்பதால், உண்மையான ஹம்மிங் பதிவில் செயற்கையாக 250.3-ஐக் கலந்து, துண்டின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் இப்போது சோதித்துவருகிறேன்.